கேள்வி – பதில்: தலைக்கு மேலே நிற்கும் துணைக்கோள்கள்

மலேசியாவில் இலவசத் துணைக்கோள் ஒளிபரப்பைச் சொந்த டிஷ் வைத்துப் பிடிக்கும் பொழுதுபோக்கைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

மாதக் கட்டணம் இல்லாமல் சேட்டிலைட் சேனல் பார்க்கலாம் என்கிறார்கள். என்ஜோய், மைஃப்ரீவியூ இரண்டும் அதுதானே? இதில் சட்டச் சிக்கல் உண்டா?
– வாசகர், செந்தூல்

மூன்றும் வேறு வேறு. மைஃப்ரீவியூ துணைக்கோளிலிருந்து வருவதில்லை. தரைக் கோபுரத்திலிருந்து வரும் டிஜிட்டல் அலை அது, அதற்குச் சாதாரண ஏரியல் போதும். 2019 அக்டோபர் இறுதியில் பழைய அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க நின்றபோது அதன் இடத்தைப் பிடித்தது இதுதான். என்ஜோய் துணைக்கோள் வழியே வருகிறது, சந்தாவும் இல்லை. ஆனால் அலை பூட்டப்பட்டது, அதற்கென உள்ள டிகோடர் இல்லாமல் திறக்காது.

நாம் பேசும் பொழுதுபோக்கு மூன்றாவது வகை. பூட்டே இல்லாமல் அனுப்பப்படும் சேனலை எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் பிடித்துப் பார்ப்பது. செய்தி, சமயம், அரசு சேனல்கள்தான் இதில் அதிகம். இன்று திறந்திருக்கும் சேனல் அடுத்த மாதம் பூட்டப்படலாம், வேறு துணைக்கோளுக்கும் மாறலாம். அந்த மாற்றங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு தொடரைத் தவறாமல் பார்க்க வேண்டும் என்பவருக்கு இது ஏற்றதல்ல.

பூட்டிய சேனலைக் கள்ளக் குறியீடு போட்டுத் திறப்பது குற்றம். கடைக்காரர் 'எல்லாம் திறக்கும்' என்று சொல்லி விற்கும் பெட்டியை வாங்காதீர்கள். பெரிய டிஷ் பொருத்தும் எண்ணம் இருந்தால், பணத்தைக் கொடுக்குமுன் தொடர்புத்துறை ஆணையமான எம்சிஎம்சியிடமும் உங்கள் நகராண்மையிடமும், அதாவது டிபிகேஎல் அல்லது எம்பிபிபியிடம், அளவைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேளுங்கள். வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் பழைய ஆஸ்ட்ரோ டிஷ் சும்மா கிடக்கிறது. அதைத் திருப்பி வைத்தால் தமிழ்நாட்டுச் சேனல் வருமா?
– வாசகி, செத்தாபாக்

வராது. அந்த டிஷ் ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், கு-பேண்ட் எனப்படும் உயர்ந்த அலைவரிசைக்காகச் செய்தது. இந்தியாவின் கு-பேண்ட் ஒளிபரப்புகள் இந்தியாவை மட்டும் நோக்கிக் குவிக்கப்பட்டவை. 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே உள்ள ஜிசாட் 15 துணைக்கோளிலிருந்து டிடி ஃப்ரீ டிஷ் வருகிறது, அந்தத் துணைக்கோள் நம் தலைக்கு மேலேதான் நிற்கிறது. ஆனாலும் அதன் ஒளிவட்டம் நம் பக்கம் விழுவதில்லை. துணைக்கோள் எங்கே நிற்கிறது என்பதோடு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் சேர்ந்தால்தான் நமக்கு அலை கிடைக்கும்.

நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சி-பேண்ட் எனப்படும் தாழ்ந்த அலைவரிசை அலைகள். ஆசியா முழுவதையும் மூடும்படி விரித்து அனுப்பப்படுவதால் வலிமை குறைவு. அதனால்தான் பெரிய டிஷ் தேவைப்படுகிறது. 66 டிகிரி கிழக்கில் நிற்கும் இன்டெல்சாட் 17 தென்னிந்திய சேனல்கள் பலவற்றைச் சுமந்து வந்த துணைக்கோள். அவற்றில் எது இப்போது பூட்டில்லாமல் இருக்கிறது என்பதை லிங்சாட் போன்ற இணையப் பட்டியலில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்? அளவோடு சொல்லுங்கள்.
– வாசகர், ஜெலுத்தோங்

டிஷ்: 6 அடி, அதாவது 1.8 மீட்டர், நடுக்குவியம் உள்ள வட்டமான வகை. வலிமையான சேனல்களுக்கு இது போதும். இடமும் வசதியும் இருந்தால் 8 அடி இன்னும் நல்லது, ஏனென்றால் அளவு கூடக்கூட அண்டைத் துணைக்கோளின் தொல்லை குறையும். 6 அடி டிஷ்ஷின் பார்வை சி-பேண்டில் ஏறக்குறைய 3 டிகிரி அகலம், 8 அடிக்கு அது 2 டிகிரி சொச்சம். வலைக் கம்பி டிஷ் வாங்கினால் துளை 7 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையைப் பிடித்துப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் கருவி): சி-பேண்ட் வகை, 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வாங்கிக்கொள்வது. 3.4இல் தொடங்கும் பழைய வகை மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். காரணம் கீழே இன்னொரு பதிலில் வருகிறது.

பெட்டி: டிவிபி-எஸ்2 எனும் துணைக்கோள் ஒளிபரப்புத் தரம், எச்.இ.வி.சி. முறையில் சுருக்கிய படமும் திறக்க வேண்டும், 'பிளைண்ட் ஸ்கேன்' வசதி கட்டாயம் வேண்டும். அலைவரிசை எண்ணை நாம் தராமலே பெட்டி தானாகத் தேடிப் பிடிக்கும் வசதி அது. மின் அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள்: ஆர்ஜி6, 75 ஓம், நடுக்கம்பி முழுச் செம்பு, 30 மீட்டருக்குள் அடங்கினால் நலம். எஃப் கனெக்டர் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு எப்படியும் பாழாகும். முறுக்கி மாட்டும் வகையை விட அழுத்திப் பூட்டும் வகைதான் நம் மழைக்குத் தாங்கும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. நீட்டினால் போதும். வெள்ளிநூல் போன்ற பின்னல் இழை ஒன்றே ஒன்று நடுக்கம்பியில் பட்டாலும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து, பெட்டி எல்என்பிக்கு அனுப்பும் 13, 18 வோல்ட் இரண்டையும் நிறுத்திவிடும். கனெக்டரைத் திருகுமுன் கண்ணருகே வைத்துப் பாருங்கள்.

கம்பம்: துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், டிஷ்ஷின் பிடிக்குள் ஆடாமல் உட்காரும் அளவு. தரையில் 2 அடி ஆழம் தோண்டி, சிமெண்டு கலவை போட்டு, ஒரு வாரம் இறுக விடுங்கள். ரசமட்டத்தைக் குழாயின் தெற்கிலும் ஒருமுறை, மேற்கிலும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பம் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் அதற்குப் பிறகு நீங்கள் அளக்கும் எல்லாக் கோணமும் பொய்.

எல்என்பியை எவ்வளவு தூரத்தில் பொருத்துவது என்பது பலர் அலட்சியம் செய்யும் இடம். டிஷ்ஷின் குறுக்கே ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நூலிலிருந்து டிஷ்ஷின் நடுப்பள்ளம் வரை அளவெடுங்கள். அகலத்தை அகலத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் வருவதுதான் குவியத் தூரம். அகலம் 180 செ.மீ., ஆழம் 30 செ.மீ. என்றால் 32,400ஐ 480ஆல் வகுக்க 67.5 செ.மீ. கிடைக்கும். நடுப்பள்ளத்திலிருந்து அந்த 67.5 செ.மீ. புள்ளி எல்என்பியின் வாய்க்குள் சுமார் 6 மி.மீ. உள்ளே விழ வேண்டும். 67.5ஐ 180ஆல் வகுத்தால் 0.375. எல்என்பியைச் சுற்றியுள்ள வளையத்தில் 0.36, 0.38, 0.40 என்று கோடுகள் இருக்கும், அதில் 0.38இல் நிறுத்துங்கள். கால்கள் மூன்றும் ஒரே நீளமா, எல்என்பி நட்டநடுவில் தொங்குகிறதா என்று டிஷ் விளிம்பின் மூன்று இடத்திலிருந்து அளந்து சரிபாருங்கள். ஒரு அங்குலம் பிசகினாலும் டிஷ்ஷின் முழுப் பலன் கிடைக்காது.

இணையப் படங்களைப் பார்த்து டிஷ்ஷைத் தெற்கே திருப்பி, சாய்த்து வைத்தேன். மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை. நம் ஊரில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?
– வாசகர், செராஸ்

இந்தக் கேள்விதான் இந்த மாதம் அதிகம் வந்தது, விரிவாகவே சொல்கிறோம். அந்தப் படங்கள் எடுக்கப்பட்டது ஐரோப்பாவிலோ வட இந்தியாவிலோ. அங்கே துணைக்கோள்கள் தெற்கே தாழ்ந்து நிற்கும். அவை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுற்றுபவை. கோலாலம்பூர் அந்த ரேகையிலிருந்து 3.1 டிகிரி வடக்கே, பினாங்கு 5.4 டிகிரி. ஆகவே நமக்கு அவை கிழக்கிலிருந்து உச்சி வழியாக மேற்குக்குப் போகும் ஒரு வளைவில் வரிசையாக நிற்கின்றன. தெற்கே தாழ்வாகப் பார்த்துத் தேடினால் காலி வானம்தான்.

கோலாலம்பூருக்கான கணக்கு இது. முதல் எண் வடக்கிலிருந்து வலமாக எண்ணும் திசை, அடுத்தது தரையிலிருந்து எழும்பும் கோணம். இன்டெல்சாட் 17, 66 டிகிரி கிழக்கு: திசை 266, ஏற்றம் 48.4. தாய்கோம், 78.5 டிகிரி: 263, 62.6. மீசாட், 91.5 டிகிரி: 253, 77.5. ஆசியாசாட் 5, 100.5 டிகிரி: 201, 86. ஆசியாசாட் 7, 105.5 டிகிரி: 129, 84.

பினாங்கில் 66க்கு 262, 49.7 என்றும், 91.5க்கு 239, 78 என்றும் மாறும். 100.5 ஏறக்குறைய நேர் தெற்கே 83.6 டிகிரி உயரத்தில் நிற்கும். நம் இரு ஊரிலும் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் அற்பம். ஆகவே திசைகாட்டி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை இரும்புக் கம்பத்தின் அருகே வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

மேலே உள்ள கணக்கில் 100.5ஐயும் 105.5ஐயும் பாருங்கள். வானத்தில் இரண்டுக்கும் இடைவெளி ஆறு டிகிரிகூட இல்லை. ஆனால் திசை 201இலிருந்து 129க்கு, 70 டிகிரிக்கு மேல் திரும்புகிறது. உச்சிக்கு அருகே திசை என்பது இப்படித்தான் தாவும். அதனால் முதல் முயற்சிக்கு உச்சியில் நிற்கும் துணைக்கோளைத் தேர்ந்தெடுத்தால் திசையில் குழம்பாமல், டிஷ்ஷைக் கிண்ணம் போல மல்லாந்து வைத்து எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்கிறோம் என்று மட்டும் பாருங்கள். டிஷ் விளிம்பின் குறுக்கே நேரான மரக்கட்டையை வைத்து, அதன்மேல் கைப்பேசியின் சாய்வுமானியை வையுங்கள். அது காட்ட வேண்டிய எண், 90இலிருந்து ஏற்றக் கோணத்தைக் கழித்தால் வருவது. 105.5க்குச் சுமார் 6 டிகிரி தென்கிழக்காகச் சாய்வு. 66க்கு 41.6 டிகிரி மேற்காகச் சாய்வு.

அடுத்த பொறி எல்என்பியின் சுழற்சி. வெளிநாட்டுப் படத்தில் எல்என்பியைச் சற்றே, 10 அல்லது 20 டிகிரி திருகச் சொல்வார்கள். இங்கே 66ஐ நோக்கினால் அது 85 டிகிரி. அதாவது துணைக்கோள் படுக்கையாக அனுப்பும் அலை நம் டிஷ்ஷுக்கு ஏறக்குறைய நட்டுக்குத்தாக வந்து சேரும். 105.5க்குச் சுமார் 50, 100.5க்குச் சுமார் 21. குழம்பாமல் இருக்க ஒரே விதி: 'எச்' எனப்படும் படுக்கை அலை எப்போதும் துணைக்கோள்களின் வரிசை போகும் திக்கிலேயே, கிழக்கு மேற்காக இருக்கும். எல்என்பியின் 'எச்' ஊசியை அந்தக் கோட்டோடு ஒட்டி நிறுத்துங்கள். பட்டியலில் 'எச்' என்று போட்ட சேனல் எல்லாம் உங்கள் பெட்டியில் 'வி'யில், அதாவது நட்டுக்குத்து அலையில், வந்தால் 90 டிகிரி தவறு, திருப்பிப் போடுங்கள். இரண்டிலும் அரைகுறையாக வந்தால் 45 டிகிரியில் மாட்டியிருக்கிறது.

தேடும்போது பெட்டியில் வலிமையான ஒரு அலைவரிசையைத் திறந்து வையுங்கள். டிஷ்ஷை ஒரு விரல் அகலம் நகர்த்தி, மூன்று விநாடி காத்திருந்து, மறுபடி நகர்த்துங்கள். பெட்டி பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும், அவசரமாகத் திருப்புபவர்கள் சேனலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தரம் உயர்ந்ததும் டிஷ்ஷின் விளிம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மேலே தள்ளினாலும் கீழே தள்ளினாலும் தரம் ஒரே அளவு இறங்கினால் நட்டநடுவில் இருக்கிறீர்கள். போல்ட்டுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிரே கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கும்போது டிஷ் நகர்வது சகஜம், கண் திரையிலேயே இருக்கட்டும்.

'ஸ்ட்ரெங்த்' 85 விழுக்காடு காட்டுகிறது, 'குவாலிட்டி' சுழியம். டிஷ் சரியாகத்தானே இருக்கிறது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

இல்லை. முதல் கோடு எல்என்பி உயிரோடு இருக்கிறது, கேபிள் இணைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். எல்என்பியின் சொந்த இரைச்சலே அந்த 85ஐக் காட்டும். டிஷ்ஷைச் சுவரைப் பார்க்க வைத்தாலும் காட்டும். நம்ப வேண்டியது இரண்டாவது கோட்டை மட்டும்.

டிஷ்ஷைத் தொடுமுன் பெட்டியின் அமைப்பைப் பாருங்கள். எல்என்பி வகையில் 5150 என்று இருக்க வேண்டும். பல பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது கு-பேண்டுக்கான 9750, 10600 என்று அமைந்திருக்கும். சி-பேண்டில் 5150இலிருந்து சேனலின் அலைவரிசையைக் கழித்தால் வருவதுதான் கேபிளில் ஓடுவது. 3900 என்றால் 1250. அந்த எண்ணைத் தவறாகக் கொடுத்தால் டிஷ் துணைக்கோளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெட்டி வேறு இடத்தில் தேடும். பல எல்என்பிகளை ஒரே கேபிளில் சேர்க்கும் டைசெக் சுவிட்ச் இடையில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துச் சோதியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சுழியம் என்றால் டிஷ் பக்கம் போகலாம்.

இரண்டு ஆண்டாக நன்றாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாகக் கைப்பேசிக் கோபுரம் வந்த பிறகு எல்லாத் துணைக்கோளிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது.
– வாசகர், கெப்போங்

5ஜி. நம் நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவை 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் பயன்படுத்துகிறது. பழைய எல்என்பி 3.4இலிருந்து 4.2 வரை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் மெல்லிய அலைக்குப் பக்கத்தில் தெருமுனைக் கோபுரத்தின் அலை விழுந்தால் எல்என்பியின் பெருக்கி திணறிவிடும். சேனல் 4.0இல் இருந்தாலும் பாதிக்கும், காரணம் மூச்சுத் திணறுவது மொத்தப் பெருக்கியும்.

ஒரே ஒரு துணைக்கோள் மட்டும் போனால் டிஷ் நகர்ந்திருக்கிறது என்று பொருள். எல்லாம் சேர்ந்து போனால் எல்என்பியை மாற்ற வேண்டும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் எடுக்கும், வடிகட்டி உள்ள எல்என்பியைப் போடுங்கள். கோபுரம் மிக அருகில் இருந்தால் அது மட்டும் போதாமல் போகலாம். அப்போது எல்என்பியின் வாய்க்கு முன்னால் மாட்டும் தனி வடிகட்டிக் குழல் தேவை. டிஷ்ஷைச் சுவர் அல்லது தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு நகர்த்துவதும் பயன் தரும். நம் துணைக்கோள்கள் உச்சியில் இருப்பதால் பக்கவாட்டு மறைப்பு நமக்கு இடைஞ்சல் ஆகாது. தாழ்ந்த வானத்தைப் பார்க்கும் நாட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை.

தகட்டு டிஷ்ஷில் மழைத் தண்ணீர் தேங்குகிறது. என்ன செய்ய?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

80 டிகிரிக்கு மேல் நிமிர்ந்த டிஷ் கிண்ணம்தான், தேங்கத்தான் செய்யும். மிகத் தாழ்ந்த இடத்தில் 6 மி.மீ. துளை இரண்டு போட்டு, துளையின் விளிம்பில் துரு பிடிக்காமல் சாயம் பூசுங்கள். அந்த அளவுத் துளையால் சி-பேண்ட் வரவேற்பு குறையாது. இலைகளை வாரத்துக்கு ஒருமுறை அள்ளிவிடுங்கள். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். புதிதாக வாங்குபவர்கள் வலை டிஷ்ஷே வாங்குங்கள்.

14ஆவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. 66 டிகிரிக்கு டிஷ் வைக்கலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

மேற்கு என்பது சரி, ஆனால் மேல்மாடியின் தளம் மறைக்கும். டிஷ்ஷின் நடு தரையிலிருந்து 1 மீட்டர், மேல்தளம் 2.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 48 டிகிரியில் ஏறும் பார்வை ஒன்றரை மீட்டர் தூரத்திலேயே தளத்தை முட்டும். டிஷ்ஷின் மேல் விளிம்புக்கு இன்னும் மோசம். முழு டிஷ்ஷும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கினால்தான் வானம் தெரியும். அதைச் செய்யவே கூடாது, காற்றில் 6 அடி டிஷ் கீழே விழுந்தால் உயிர் போகும். கட்டட நிர்வாகக் குழுவிடம் மொட்டைமாடியில் இடம் கேட்டு எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் கம்பத்திலிருந்து தனிச் செம்புக் கம்பியைக் கட்டடத்தின் இடிதாங்கி இணைப்போடு சேர்க்கும் வேலையைத் தகுதி பெற்ற மின் பணியாளரிடம் விடுங்கள். பிற்பகல் இடி முழங்கத் தொடங்கியதும் பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

மார்ச் மாதத்தில் நாலைந்து நாள், மதியம் 2 மணி வாக்கில் 91.5இல் பத்து நிமிடம் படம் காணாமல் போயிற்று. மழையே இல்லை. எல்என்பி சூட்டில் கெட்டுவிட்டதா?
– வாசகர், குளுகோர்

எல்என்பி நன்றாக இருக்கிறது. அந்த நாட்களில் சூரியன் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அதன் இரைச்சலில் துணைக்கோளின் அலை மூழ்கிவிடும். நம் பகுதியில் மார்ச் மூன்றாம் வாரத்திலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் இது வரும். 66ஐப் பார்ப்பவர்களுக்கு மாலை 4 மணியளவில் நடக்கும். தானாகச் சரியாகிவிடும், எதையும் தொடாதீர்கள்.

தொடாமல் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அடுத்த செப்டம்பரில் படம் மறையும் அந்தப் பத்து நிமிடத்தில், சூரியனைப் பார்க்காமல் டிஷ்ஷின் உட்புறத்தைப் பாருங்கள். எல்என்பியின் நிழல் நட்டநடுப் பள்ளத்தில் விழுந்தால் எல்என்பி சரியாக நடுவில் இருக்கிறது. நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே நேரம் போடுங்கள். படம் மிக நீண்ட நேரம் மறையும் நாளின் கோடுதான் கணக்கு. நடுப்பள்ளத்திலிருந்து அது ஒதுங்கியிருக்கும் பக்கம், எல்என்பி நடுவிலிருந்து எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதைக் காட்டும். பளபளப்பான தகட்டு டிஷ் என்றால் அந்த நேரத்தில் எல்என்பி இருக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள். வெயில் முழுதும் அங்கே குவியும், எல்என்பியின் நெகிழி மூடியே உருகியிருக்கிறது.